பத்தொன்பது நல் ஊழியர்கள்

10 ஜூன் 2025, செவ்வாய்

இன்று காலை நான் வேலை பார்க்கும் கம்பெனிக்கே விருந்தாளியாகப் போனேன்.

கார்டைக் காட்டினேன், கேட் சிவப்பு விளக்கு காட்டியது. திரும்பக் காட்டினேன், திரும்பவும் சிவப்பு. பின்னால் வரிசையில் நின்றவர்கள் பார்த்த பார்வையில், நான் நிஜமாகவே எதையோ திருட வந்தவனோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. செக்யூரிட்டி கம்ப்யூட்டரில் தேடிப் பார்த்துவிட்டு, "ஆப்கா நாம்ஈச் நை ஆரா, சாப்" என்றார். இரண்டு வருடமாகத் தினமும் எனக்குக் குட்மார்னிங் சொல்கிற மனிதர். முகம் தெரிகிறது, பெயர்தான் வரமாட்டேன் என்கிறதாம்.

கடைசியில் விசிட்டர் சீட்டு எழுதிக் கொடுத்தார். பெயர்: தண்டா பானி. இந்த ஊரில் தண்டபாணி எப்போதும் குளிர்ந்த தண்ணீர்தான், பழகிவிட்டது. 'வந்த நோக்கம்' என்ற இடத்தில் என்ன எழுதட்டும் என்று கேட்டார். வேலை என்றேன். சிரித்துக்கொண்டே எழுதினார்.

விஷயம் இதுதான். நேற்று ராத்திரியிலிருந்து புது சிஸ்டம். 'ஒரே ஊழியர், ஒரே எண்' என்று லிஃப்டில், கேன்டீனில், கழிவறையில் கூட போஸ்டர். எங்கள் கோயம்புத்தூர் கம்பெனியை இந்த ஹைதராபாத் கம்பெனி வாங்கி, எங்களில் கொஞ்சம் பேரைக் குடும்பத்தோடு இங்கே இறக்கியது போல, வேறு ஊர்களிலும் வாங்கி இறக்கியிருக்கிறது. எல்லாருடைய விவரத்தையும் ஒரே இடத்தில் சேர்க்கும் புண்ணிய காரியத்தை என் மேனேஜர் கிருஷ்ணபிரசாத் முன்னின்று நடத்தி முடித்தார். அதற்கான கம்ப்யூட்டர் கட்டளையை, அதாவது க்வெரியை, தானே எழுதினாராம். அவர் கடைசியாகப் புரோகிராம் எழுதியபோது என் மகள் ரஞ்சனா பிறந்திருக்கவில்லை.

நேரே அவரிடம் போனேன். கே.பி. மூன்று தலைமுறைச் செகந்திராபாத் தமிழர். "ஹவ், தெரியும் தண்டபாணி, ஒரு நாள்ல செட் ஆயிடும். டென்ஷன் நக்கோ" என்றார்.

டென்ஷன் வேண்டாமாம். சரி.

11 ஜூன்

விசிட்டர். நோக்கம்: வேலை. இன்று செக்யூரிட்டி கேட்கவே இல்லை, தானாகவே எழுதிவிட்டார்.

13 ஜூன், வெள்ளி

கண்டுபிடித்துவிட்டேன். பெரிய மர்மம் ஒன்றுமில்லை, அதுதான் வயிற்றெரிச்சல்.

ஒவ்வொரு ஊழியருக்கும் முப்பத்தாறு எழுத்தில் ஓர் அடையாளம் இருக்கிறது. எண், ஆங்கில எழுத்து, நடுநடுவே சிறு கோடு. உலகத்தில் வேறு யாருக்கும் வராது என்று சத்தியம் செய்து கொடுக்கிறார்கள். ஆபீசில் அதை 'க்விட்' என்பார்கள். பழைய கம்பெனிகளில் இதை வெறும் எழுத்தாகப் போட்டு வைத்திருந்தார்கள். புது சிஸ்டத்துக்கு அது போதாது, முறையான அடையாளமாக மாற்றிக் கொடுக்க வேண்டும். மாற்றுவதற்கு க்வெரியில் ஒரு சொல் இருக்கிறது. எழுத்தைக் கொடுத்தால் அடையாளத்தைத் தரும்.

கொடுத்த எழுத்தில் பிழை இருந்தால்? கத்தாது. நிற்காது. 'நல்' என்று ஒன்றைக் கையில் வைத்துவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விடும். நல் என்றால் ஒன்றுமில்லை. பூஜ்யம் கூட இல்லை, பூஜ்யத்துக்காவது ஒரு மரியாதை உண்டு.

இந்த அடையாளத்தில் ஆங்கில எழுத்து ஏ-யிலிருந்து எஃப் வரைதான் வரலாம். கோயம்புத்தூரில் எப்போதோ, யாரோ, தாளில் அச்சான பட்டியலைப் பார்த்துக் கையால் டைப் அடித்திருக்கிறார்கள். பூஜ்யம் வரவேண்டிய இடத்தில் ஆங்கில ஓ விழுந்திருக்கிறது. பார்வைக்கு இரண்டும் அண்ணன் தம்பி. ஓ விழுந்தவர்கள் எல்லாரும் நல். அடுத்த வரியில் கே.பி., நல் ஆனவற்றை எல்லாம் குப்பை என்று நீக்கியிருக்கிறார்.

குப்பையில் பத்தொன்பது பேர் இருக்கிறோம். அத்தனை பேரும் கோயம்புத்தூர்.

சம்பளமும் லாகினும் மட்டும் இன்னும் பழைய கோயம்புத்தூர் சிஸ்டத்திலேயே ஓடுகின்றன. ஆகவே கேட்டுக்கு நான் யாரென்று தெரியாது. ஆனால் கேட்டுக்கு உள்ளே இருக்கிற அத்தனை பேருடைய விவரத்தையும் நான் திறந்து பார்க்கலாம், மாற்றலாம். பாதுகாப்பு என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும்.

முதலில் ஓ-வைப் பூஜ்யமாக்கிவிட்டு, பிறகு அடையாளமாக மாற்றும்படி ஒரு வரி எழுதி வைத்தேன். டீ ஆறுவதற்குள் எழுதி முடித்துவிட்டேன், ஓட்டுவதற்குத்தான் கே.பி.யின் அனுமதி வேண்டும்.

வீட்டில் சொன்னேன். தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்கிற என் மகள் ரஞ்சனா, "நானா, நுவ்வு சிஸ்டம்லோ லேவா?" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். அப்பா சிஸ்டத்தில் இல்லையாம், அவ்வளவு சந்தோஷம். என் மனைவி சாருலதா, "நல்லுன்னா நல்லதுதானுங்களே? நல் தண்டபாணி. உங்களை இதுக்கு முன்னால யாரு அப்படிச் சொல்லியிருக்காங்க?" என்றாள்.

16 ஜூன், திங்கள்

கே.பி.க்கு மேலிடத்திலிருந்து பாராட்டு மெயில். 'நூற்றுக்கு நூறு வெற்றி.' எப்படி நூறு? நீக்கியவர்களை நீக்கிவிட்டு மீதிப் பேரை எண்ணியிருக்கிறார். பரீட்சைக்கு வராத பிள்ளைகளை விட்டுவிட்டு எண்ணினால் எந்தப் பள்ளிக்கூடமும் நூறு சதவீதம்தான். போலாரத்தில் சாருலதா வேலை பார்க்கும் பள்ளியில் இந்த வித்தை தெரியாமல் ஸ்பெஷல் கிளாஸ் எடுத்துச் சாகிறார்கள்.

கே.பி.யிடம் என் வரியைக் காட்டினேன்.

"சூப்பர். பத்திரமா வெச்சுக்கோ. இப்ப போடாதே."

"ஏனுங்க சார்?"

"இப்ப போட்டா, அப்ப முன்ன நூறு பர்சென்ட்னு கைக்கு, ஏன் சொன்னேன்னு கேப்பாங்க. சிஸ்டத்தோட அடுத்த ரிலீஸ்ல சைலண்டா போட்டுடலாம்."

"எங்களுக்கு கேட் தொறக்க மாட்டேங்குதுங்க சார்."

"விசிட்டர் பாஸ் தராங்கல்ல?"

தருகிறார்கள். மறுப்பதற்கில்லை.

25 ஜூன், புதன்

மத்தியானம் கேன்டீனில் ஃபாத்திமா தட்டை அப்படியே வைத்துவிட்டு, வலது விலாவைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டாள். முகம் வெளுத்துப் போய் வியர்வை.

ஃபாத்திமா டெஸ்டிங் டீம். எங்களோடு கோயம்புத்தூரிலிருந்து வந்தவள். பத்தொன்பதில் ஒருத்தி. கணவர் ஜாகிர் மல்லாபூரில் சின்னதாக ஒரு லேத் பட்டறை வைத்திருக்கிறார். கொஞ்சம் தெளிந்ததும், "கல்லுங்ணா" என்றாள். பித்தப்பையில் கல். ஆபரேஷன் செய்து எடுத்துவிடச் சொல்லி டாக்டர் போன வாரமே தேதி கொடுத்துவிட்டாராம்.

"அப்புறமென்னம்மா? கம்பெனி இன்ஷூரன்ஸ் இருக்குதல்லோ?"

"இருந்துச்சுங்ணா. இப்ப இந்தப் பேர்ல ஊழியரே இல்லைங்கறாங்க."

இன்ஷூரன்ஸும் புது சிஸ்டத்தைப் பார்த்துத்தான் பதில் சொல்கிறது. அவள் ஹெச்.ஆருக்குப் புகார் அனுப்பப் போயிருக்கிறாள். புகார்ப் பக்கம் முதல் கேள்வியே: உங்கள் புது அடையாள எண் என்ன? எண் இல்லை என்று புகார் கொடுக்க எண் வேண்டும். இதை யோசித்தவருக்கு இந்த ஊர் ஏரிக்கரையில் சிலைகள் வரிசையாக நிற்கும் டேங்க் பண்டில் ஒரு சிலை வைக்கலாம், இடம் இருக்கிறது.

கே.பி.யிடம் மறுபடி சொன்னேன். "அடுத்த ரிலீஸ், அடுத்த ரிலீஸ்" என்றார்.

4 ஜூலை, வெள்ளி

இன்று ஆள் குறைப்பு. மெயிலில் 'விடுவிக்கப்படுகிறார்கள்' என்று எழுதியிருந்தார்கள், எல்லாரும் ஏதோ ஜெயிலில் இருந்த மாதிரி. மூன்றாவது மாடியில் பாதி நாற்காலி காலி. எனக்கு எதிரே உட்காரும் விசாகப்பட்டினத்துப் பையன் தொட்டிச்செடியைக் கையில் எடுத்துக்கொண்டு போனான். செடியும் விடுதலை.

எங்கள் பத்தொன்பது பேரில் ஒருவருக்கும் மெயில் வரவில்லை. என்ன பாக்கியம் என்று முதலில் நினைத்தேன். பிறகுதான் புரிந்தது. பெயர்களைப் புது சிஸ்டத்திலிருந்து எடுத்திருக்கிறார்கள்.

சிஸ்டத்தில் இல்லாதவனை எப்படி வேலையை விட்டு அனுப்புவது?

7 ஜூலை, திங்கள்

காலையில் பாலு சார் காரில் விசில் அடித்துக்கொண்டே ஓட்டினார். பாலசுப்ரமணியன், பொள்ளாச்சிக்காரர், அவரும் பத்தொன்பதில் ஒருவர், எங்கள் அபார்ட்மென்டில் கீழ்த்தளத்து வீடு. எனக்கும் சேர்த்துத் தினமும் அவர் கார்தான். ஐம்பத்திரண்டு வயது. மகள் இங்கே இன்ஜினியரிங் இரண்டாம் வருடம்.

"நம்ம பேரு இல்லீங்கறதே பெரிய கொடுப்பினை அப்பா. அந்த ஓ போட்ட மகராசன் யாரோ, அவன் நல்லா இருக்கோணும்."

எங்கள் வாட்ஸாப் குழுவுக்கு யாரோ 'ஆவிகள் சங்கம்' என்று பெயர் மாற்றிவிட்டார்கள். நேற்று வரை கேட் திறக்கவில்லை என்று அழுத கூட்டம்.

பத்து மணிக்குக் கே.பி. கூப்பிட்டார். கதவைச் சாத்தினார். மெதுவான குரல்.

"பாரு, நான் வேணும்னு பண்ணலை. ஆனா ஆயிடுச்சு. ஆகஸ்ட்ல ரெண்டாவது லிஸ்ட் வருது. அது போற வரைக்கும் உன் வரியைத் தொடாதே. உங்க எல்லாருக்கும் நல்லது, எனக்கும் நல்லது."

"ஃபாத்திமாவுக்குங்க சார்?"

"ஸ்டோன்தானே? எங்க சித்தப்பாவுக்குப் பத்து வருஷமா இருக்கு. நல்லா பிரியாணி சாப்பிடறார்."

மருத்துவ ஆலோசனை இலவசம்.

ஃபாத்திமா ஒருத்தியை மட்டும் சேர்க்க முடியாதா என்று யோசித்துப் பார்த்தேன். தனி ஆளைச் சேர்க்க ஹெச்.ஆர். ஒப்புதல் வேண்டும். 'இவர் ஏன் விட்டுப்போனார்?' என்று கேட்பார்கள். பதில் சொன்னால் பத்தொன்பதும் வெளியே வந்துவிடும். என் கையில் இருப்பது அந்த ஒரு வரிதான். அது ஆள் பார்த்து வேலை செய்யாது; பார்க்க வைத்தாலும் அதே கேள்விதான் வரும்.

13 ஜூலை, ஞாயிறு

போனாலு, இந்த ஊர் அம்மன் திருவிழா. செகந்திராபாத் பக்கம் ரோடெல்லாம் அடைப்பு. சைனிக்புரி வழியாகச் சுற்றிக்கொண்டு மல்லாபூர் போய்ச் சேர்ந்தோம். சாருலதா இட்லியும் பருப்பில்லாத ரசமும் கட்டிக்கொண்டு வந்தாள். ஃபாத்திமாவுக்கு இப்போது எண்ணெய், நெய், முட்டை எதுவும் ஆகாது. இளைத்துவிட்டாள். சுடிதார் யாரோ இரவல் கொடுத்தது மாதிரித் தொங்குகிறது.

ஆபரேஷன் தேதியை இரண்டாவது தடவையாகத் தள்ளிப் போட்டிருக்கிறார்கள். கையிலிருந்ததெல்லாம் பட்டறைக்குப் புது மெஷின் எடுத்ததில் போய்விட்டது. இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்ற தைரியத்தில் எடுத்தது.

கிளம்பும்போது ஜாகிர் வண்டி வரைக்கும் வந்தார். அதிகம் பேசாதவர். "உங்களால ஏதாச்சும் பண்ண முடியும்னு சொல்றாங்க. முடியும்னா..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. நானும் அவர் முடிப்பதற்கு இடம் கொடுக்காமல் ஸ்கூட்டரை உதைத்தேன்.

 

21 ஜூலை, திங்கள்

டீக்கடையில் ஆவிகள் மகாசபை. வந்தவர்கள் பத்துப் பதினைந்து பேர். நான் விஷயத்தைச் சொன்னேன். என்னால் முடியும், செய்தால் எல்லாரும் தெரிய வருவோம், ஆகஸ்ட் லிஸ்டில் யார் பெயர் வரும் என்று எனக்குத் தெரியாது.

பாலு சார்தான் முதலில் பேசினார். கோபப்படவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

"எனக்கு அம்பத்திரண்டு வயசு தண்டபாணி. இந்த வேலை போச்சுன்னா எனக்கு வேற எவன் குடுப்பான்? வீட்டு லோன் ஓடுது. பொண்ணு படிப்பு பாதியில நிக்குது. ஆகஸ்ட் ஒண்ணு கழியட்டும். அப்புறம் நானே உன்ர கையைப் புடிச்சுப் போடச் சொல்றேன்."

எல்லாரும் ஃபாத்திமாவைப் பார்த்தார்கள். அத்தனை பேர் பார்க்கும்போது ஒருத்தி வேறென்ன சொல்வாள்?

"பரவால்லீங்ணா. ஒரு மாசந்தானுங்களே. ரசஞ்சோறு தின்னு ஓட்டிருவேன்."

கை தூக்கச் சொன்னார்கள். ஜனநாயகம். காத்திருக்கலாம் என்பவர்கள் தூக்கினார்கள். ஃபாத்திமாவும் தூக்கினாள்.

22 ஜூலை

நானும்தான் தூக்கினேன். நேற்று அதை எழுதவில்லை.

31 ஜூலை, வியாழன்

வரிசையாக எழுத முயல்கிறேன். 

காலை பதினொரு மணி இருக்கும். பெண்கள் ஓய்வறையில் ஃபாத்திமா விழுந்து கிடப்பதாகச் சொன்னார்கள். காய்ச்சல் கொதிக்கிறது, வாந்தி, கூப்பிட்டால் கண் திறக்கவில்லை. பாலு சார் காரை எடுத்தார். ஆமாம், அவர்தான். சிக்னல் எதையும் பார்க்கவில்லை. பக்கத்து ஆஸ்பத்திரி வாசலில் காரை நிறுத்தி, ஸ்ட்ரெச்சர் வரும்வரை அவள் தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தவரும் அவர்தான். பிறகு ஜாகிரை அழைத்துவர மல்லாபூருக்குப் போனார்.

பித்தப்பை சீழ் பிடித்துவிட்டது, இன்றே ஆபரேஷன் என்றார் டாக்டர். அட்மிஷனுக்கு என் கிரெடிட் கார்டைத் தேய்த்தேன். அதோடு கார்டின் கதை முடிந்தது. மீதிக்கு இன்ஷூரன்ஸ் கவுன்ட்டர். அந்தப் பெண் சிரித்த முகம், நல்ல இங்கிலீஷ். "சார், திஸ் எம்ப்ளாயி டஸ் நாட் எக்ஸிஸ்ட்."

"உள்ள ஸ்ட்ரெச்சர்ல கெடக்கறாங்க. வந்து பாருங்க."

"சிஸ்டம்ல இல்ல சார்."

"ஏம்மா, ஒரு மனுசி அங்க... உசுரோட... உனக்கு சிஸ்டத்துல வேணுமா? சிஸ்டத்துல வேணுமா உனக்கு?"

கத்திவிட்டேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பெண்ணின் தப்பு என்ன இருக்கிறது இதில்? அவளுக்கு என்ன கொடுத்தார்களோ அதைப் படிக்கிறாள். நல்லைக் கொடுத்தால் நல்லைத்தான் படிப்பாள்.

ஹெச்.ஆருக்குப் போன் போட்டேன். எண் என்ன என்றார்கள். வைத்துவிட்டேன்.

அங்கேயே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தேன். அந்த வரி அப்படியே இருந்தது. பாலு சாரை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். போனை எடுத்தேன்கூட. கேட்டு, வேண்டாம் என்று சொல்லிவிட்டால்? அப்புறமும் செய்வேனா? தெரியவில்லை. அதனால்தான் கேட்கவில்லை. வரியை ஓட்டிவிட்டேன்.

பத்தொன்பது வரிசைகள் சேர்க்கப்பட்டன. திரையில் ஒரே வரி. ஒரு சத்தமில்லை.

அரை மணி நேரம் கழித்துக் கவுன்ட்டர் பெண் தானே எழுந்து வந்தாள். "சார், நவ் ஷீ இஸ் தேர்" என்றாள். அவளுக்கும் கண் கலங்கியிருந்தது. அல்லது என் கண்ணாக இருக்கும்.

1 ஆகஸ்ட், வெள்ளி

ஆபரேஷன் முடிந்துவிட்டது. ஃபாத்திமா பிழைத்துக்கொண்டாள். இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் என்று டாக்டர் ஏதோ சொன்னார், கேட்க விருப்பமில்லை.

கேட்டில் கார்டைக் காட்டினேன். பச்சை. செக்யூரிட்டி எழுந்து கை கொடுத்தார்.

குழுவில் சொல்லிவிட்டேன், நான்தான் செய்தேன் என்று.  யாரோ ஒருவர் குழுவின் பெயரைப் பழையபடி மாற்றினார்.

4 ஆகஸ்ட், திங்கள்

இன்று இரண்டு மெயில். முதலாவது: அனுமதியில்லாமல் ஊழியர் தகவலை மாற்றியதற்கு எச்சரிக்கை, மறுபடி நடந்தால் நடவடிக்கை. இரண்டாவது: தகவலின் தரத்தை உயர்த்தியதற்குப் பாராட்டு, எல்லாரும் இவரைப் போல் இருக்க வேண்டும். இரண்டும் ஒரே மாடியிலிருந்து வந்தவை. எச்சரிக்கையைப் பிரின்ட் எடுத்துப் பாராட்டின் பின்பக்கத்தில் ஒட்டலாமா என்று யோசிக்கிறேன்.

கே.பி. திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "உன் இடத்துல நான் இருந்தா செஞ்சிருக்க மாட்டேன்" என்றார். பிறகு, "அதான் நான் மேனேஜர்" என்றார். கிண்டலா, நிஜமா, எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரிந்த மாதிரி இல்லை.

5 ஆகஸ்ட்

காலையில் கீழே இறங்கினேன். பாலு சார் காரைக் காணோம். எனக்கு முன்பே கிளம்பிவிட்டார். ரயிலில் போனேன். ரயிலில் காற்று நன்றாக வருகிறது, உடம்புக்கு நல்லது.

22 ஆகஸ்ட், வெள்ளி

இரண்டாவது லிஸ்ட்.

கோயம்புத்தூர்க்காரர்கள் ஐந்து பேர். பாலு சார் பெயர் முதலில். அகர வரிசையோ, சம்பள வரிசையோ, யார் கண்டது.

என் பெயர் இல்லை. இந்தத் தடவை சிஸ்டத்தில் இருந்தும் இல்லை. கே.பி.யிடம் போய், ஏன் நான் இல்லை என்று கேட்டேன். இப்படி ஒருவன் கேட்டு அவர் பார்த்திருக்கமாட்டார்.

"அந்த டேட்டா டேபிள் உனக்குத்தானே தெரியும். உன்னை எப்படி அனுப்பறது?"

அந்த வரியை எழுதியது நான் என்பதால் எனக்கு வேலை. அதே வரியால் பாலு சாருக்கு இல்லை. என் பெயரும் லிஸ்டில் வந்திருந்தால் ராத்திரி நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். அந்த வசதியையும் செய்து தரவில்லை.

24 ஆகஸ்ட், ஞாயிறு

சாருலதா கீழ் வீட்டுக்குப் போய்விட்டு உடனே திரும்பி வந்துவிட்டாள். பாலு சார் மனைவி திரிபுரசுந்தரி கதவைத் திறந்தாராம், உள்ளே வா என்று சொல்லவில்லையாம்.

"நான் பண்ணுனது தப்பா சாரு?"

"தப்பில்லீங்க."

"அப்புறம்?"

"தப்பில்லைன்னா வலிக்காதுன்னு யாரு சொன்னா?" என்றவள் குக்கரை அணைக்கப் போய்விட்டாள்.

15 செப்டம்பர், திங்கள்

ஃபாத்திமா இன்று வேலைக்கு வந்தாள். முகத்தில் ரத்தம் ஓடுகிறது. ஒரு டப்பா நிறைய ஷீர் குர்மா, சேமியாப் பாயசம், கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். நன்றி சொல்லப் போகிறாள் என்று நினைத்து முகத்தை அடக்கமாக வைத்துக்கொண்டேன்.

"பாலு சார் எம் போனை எடுக்க மாட்டேங்கறாருங்ணா."

"என்ர போனையும்தாம்மா."

"அன்னைக்கு அவரு கார்லதானுங்களே என்னைத் தூக்கிட்டுப் போனீங்க."

"ஆமாம்மா."

கொஞ்ச நேரம் டப்பா மூடியைத் திருகித் திறந்து மூடினாள்.

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமுங்ணா. நான் கையைத் தூக்குனேனல்லோ? இப்ப அவரு வேலை எனக்காகப் போச்சுன்னு நான் எங்க கொண்டுபோய் வெக்கறது?"

"உனக்கு நெனவே இல்லைம்மா அப்ப."

"தெரியுமுங்ணா. தெரிஞ்சுதான் சொல்றேன். சாப்பிடுங்க, ஆறிரும்."

சாப்பிட்டேன். இனிப்பு சரியாக இருந்தது.  

28 செப்டம்பர், ஞாயிறு

பாலு சார் வீடு காலி செய்கிறார். பொள்ளாச்சியில் மச்சான் கடையில் கணக்குப் பார்க்கப் போகிறாராம். மகள் இங்கே ஹாஸ்டலில். எனக்கு இதெல்லாம் வாட்ச்மேன் சொல்லித் தெரியும்.

அபார்ட்மென்ட் முற்றத்தில் பெண்கள் பதுகம்மா பண்டிகைக்குப் பூ அடுக்கிக்கொண்டிருந்ததால் லாரியை வாசலுக்கு வெளியே நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். சாமான் எல்லாவற்றையும் அவ்வளவு தூரம் தூக்கிக்கொண்டு போக வேண்டும். வந்த ஆட்கள் இரண்டே பேர். மாடி ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டே நின்றேன். கட்டில் போயிற்று. மெத்தை போயிற்று. ஆட்கள் லாரிக்குள் அடுக்கிக்கொண்டிருந்தபோது அவர் தனியாக இரும்பு பீரோவைத் தள்ள ஆரம்பித்தார். ஐம்பத்திரண்டு வயது.

கீழே இறங்கினேன்.  பீரோவின் மறுமுனையைப் பிடித்தேன். அவர் என்னைப் பார்த்தார். விடு என்று சொல்லுவார் என்று காத்திருந்தேன். பூ அடுக்கியவர்களின் பாட்டு மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு அவர் குனிந்து தன் பக்கத்தைத் தூக்கினார்.

நான் பின்பக்கமாக நடந்தேன். வாசல் நிலையைத் தாண்டும்போது சொன்னார்:

"மெதுவா. பொறத்தால படி இருக்குது."

பார்த்து இறங்கினேன்.